சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்து பார்' என்னும் பழமொழியை அறியாதார் இலர். வீடு கட்டுவதில் உள்ள தொல்லையை அது எச்சரிக்கிறது. அத்தொல்லையிலிருந்து தப்பும் வழியைக் கூறும் மற்றொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பதே அது. முன்னதை நினைவில் வைத்துப் பின்னதை மறந்துவிடுவதால் விளையும் துன்பத்தை, சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். ஆகவே, கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் தறி நெய்யும் அங்கத்தினர்களும் பயிர் செய்யும் அங்கத்தினர்களும் புது வீடு கட்டும்போதும், பழைய வீட்டைச் செப்பனிடும்போதும் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

ஒரு தெருவில் இரண்டு வீடுகள்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு நெசவாளர் தெரு. அத்தெருவின் அங்கத்தினர் இருவர் ஒரே ஆண்டில், ஒரே அளவு அரசு உதவித் தொகை பெற்று வீட்டு வேலையைத் தொடங்கினர். முதலாமவர் 700 சதுர அடிக்குக் கடைகால் எடுத்தார். தூண்கள் எழுந்தன; சுவர் ஜன்னல் மட்டம் வரை வந்தது; பணம் தீர்ந்தது. நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தூண்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துச் சிவந்துவிட்டன. குடும்பம் பின்புறம் கீற்றுக் குடிசையில் இருக்கிறது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. தறியோ பிளாஸ்டிக் தாளால் மூடப்பட்டுக் கிடக்கிறது.

இரண்டாமவர் தறிக்கு ஓர் அறை, படுக்க ஓர் அறை, பக்கத்தில் ஓட்டுச் சார்ப்பில் அடுப்படி என்று கட்டி, ஆடி பிறப்பதற்குள் குடிபுகுந்தார். மூன்று ஆண்டு கழித்துப் பின்புறம் மற்றோர் அறை சேர்த்தார்.

முதலாமவர் சோம்பேறியல்லர், ஊதாரியுமல்லர். பெண்ணுக்குத் திருமணம் ஆகும் காலத்தில் நாலு பேர் வந்து அமரத்தக்க வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் குற்றம் என்ன? தொடங்குவதற்கு உரிய கணக்கைப் போட்டவர், முடிப்பதற்கு உரிய கணக்கைப் போடவில்லை. அவர் செய்த பிழை அது ஒன்றே.

நமது மண்ணும் நீரும்

நமது மாவட்டத்தில் வீடு கட்டுவோர் முதலில் எண்ண வேண்டியது நீரை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலைச் சேரும் தாழ்ந்த நிலம் நம்முடையது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடலோரத்தை அழித்தது. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, கூரைகளைத் தூக்கி எறிந்ததோடு பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்து பல ஊர்கள் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில், 'ஃபெஞ்சல்' புயல் மழைக்குப் பின் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தெருக்களில் புகுந்தது. இருபது ஆண்டுகளில் நான்கு பேரிடர்! நம் ஊரில் கட்டப்படும் வீடு, இத்தகைய நாள் மீண்டும் வரும் என்று எண்ணியே கட்டப்பட வேண்டும்.

ஆதலால், கடைகால் எடுக்குமுன் அங்கத்தினர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2015இலும் 2024இலும் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தெருவிலுள்ள மூத்தோரைக் கேட்டு, கோயில் சுவரிலோ மின்கம்பத்திலோ அம்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டின் தரை அக்குறிக்கு ஓர் அடியாவது மேலே இருத்தல் நலம். இதற்குக் காசு செலவில்லை. கேட்கும் மனம் மட்டுமே வேண்டும்.

மண்ணின் தன்மையும் ஊருக்கு ஊர் வேறுபடும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் களிமண். அது மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். மேலோட்டமான கடைகாலின் மேல் எழுந்த சுவர் அதனோடு ஏறி இறங்கி வெடிக்கும். அங்கே கடைகாலை ஆழமாக எடுத்து, அடியில் ஆற்று மணலோ கிராவலோ இட்டு நீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கி, தரைமட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் கட்டு ஒன்று கொடுப்பது அவசியம். பண்ருட்டி, வடலூர்ப் பக்கத்துச் செம்மண் உறுதியானது. அங்கே இத்தனை செலவு தேவைப்படாது. பக்கத்து ஊரில் செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது சிக்கனமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

தறி எங்கே?

இவ்விடத்தில் நமது பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்வது முறையாகும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில், மாதிரி வீட்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு நெசவாளர் ஊருக்குச் சென்றோம். கூடம் இது, படுக்கையறை இது, சமையலறை இது என்று விரிவாக விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எல்லாம் சரிதான் ஐயா, தறிக்குழியை எங்கே வெட்டுறது?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. கடன் மனுவின் ஒவ்வொரு பத்தியையும் சரிபார்க்கக் கற்றிருந்த நாம், அக்கடனைத் திருப்பிக் கட்டப்போகும் தறிக்கு இடம் ஒதுக்க மறந்துவிட்டோம். நெசவாளருக்கு வீடு என்பது தொழிற்கூடமும் ஆகும் என்பதை அன்று அந்த அம்மையார் நமக்குக் கற்பித்தார். ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், அதாவது 1985க்கும் 1990க்கும் இடையே, மத்திய அரசு நெசவாளருக்குப் பணிக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டத்தை வகுத்ததும் இக்கருத்தினாலேயே ஆகும்.

தறி வீட்டில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, குழி. குழித்தறியில் நெசவாளி தரையில் அமர்ந்து, கால்களைக் குழியில் இறக்கி மிதிகளை மிதிக்கிறார். இரண்டு, இரண்டரை அடி ஆழமுள்ள இக்குழியின் அடிமட்டம் வெளித்தரையை விடத் தாழ்ந்திருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஊறும், தறி நிற்கும், கூலி நிற்கும். ஆகவே தறியறையின் தரையை வெளிநிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தினால், இரண்டரை அடிக் குழியின் அடி வெளிநிலத்திற்கு அரையடி மேலே நிற்கும். குழியின் பக்கங்களையும் அடியையும் செங்கல் வைத்துச் சிமெண்டால் பூசுவது மேலும் நலம். அவ்வளவு உயர்த்த இயலாதோர் சட்டத்தறிக்கு மாறலாம்.

இரண்டாவது, வெளிச்சம். ஜன்னலின் அடிமட்டத்தைக் கொத்தனார் வழக்கமாக மூன்றடி உயரத்தில் வைப்பார். தரையில் அமர்ந்து நெய்பவருக்கு அந்த ஜன்னலால் வானந்தான் தெரியும். பாவில் அறுந்த இழை தெரியாது. தறியறையில் ஜன்னலின் அடி ஒன்றரை அல்லது இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நெய்பவரின் நிழலே துணியில் விழும்.

மூன்றாவது, வெப்பம். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரையின் கீழ் நூல் காய்ந்து அடிக்கடி அறுகிறது. படுக்கும் அறைக்குக் கான்கிரீட்டும், தறியறைக்கு ஓடும் அமைப்பது ஒரு வழி. முழுவதும் கான்கிரீட் ஆயின், மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதும் எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுவழி விடுவதும் உதவும்.

நான்காவது, இடம். ஒரு தறிக்குப் பத்தடிக்கு எட்டடியாவது வேண்டும். பாவு நூலும் முடித்த துணியும் வைக்க, தரையிலிருந்து உயர்ந்த பரண் ஒன்று தனியே வேண்டும். வெள்ளம் வந்த நாளில் முதலில் நனைவது சங்கத்து நூல் அல்லவா?

உழவர் வீட்டிற்கும் இம்முறையே பொருந்தும். நெல் மூட்டைகளைச் சுவரோடு ஒட்டித் தரையில் அடுக்கினால் ஈரம் ஏறும். மூட்டை அறையின் தரையை மற்ற அறைகளைவிட அரையடி உயர்த்தி, மரச்சட்டங்களின் மேல் அடுக்க இடம் விடுவது நன்று. மாட்டுக்கொட்டில் வீட்டின் கடைகாலை ஒட்டி இருந்தால், கழிவுநீர் ஊறிச் சுவர் உளுத்துப்போகும். சற்றுத் தள்ளியே அமைக்க வேண்டும்.

சுவரும் கூரையும்

நல்ல செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மூன்றடி உயரத்திலிருந்து மண்தரையில் விட்டால் உடையாது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கற்களும் நம் பக்கத்தில் கிடைக்கின்றன. அளவு ஒன்றுபோல் இருப்பதால் பூச்சுக்கு ஆகும் கலவை குறையும். கேரளத்தில் நெடுங்காலம் பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007) என்னும் கட்டடக் கலைஞர், செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைப் பரப்பினார். இதனால் செங்கல்லில் ஏறக்குறைய காற்பங்கு மிச்சமாகும். உள்ளே வெப்பமும் குறையும். பழக்கமுள்ள கொத்தனார் இருந்தால் மட்டுமே இதனை மேற்கொள்ளலாம். ஆரோவில்லில் 1989 முதல் இயங்கிவரும் மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து இயந்திரத்தால் அழுத்திச் செய்யும் சுடாத கற்களைப் பற்றிப் பயிற்சி அளித்து வருகிறது. கடலூரிலிருந்து அது தொலைவில் இல்லை. சங்கங்கள் இளைஞர்களை அனுப்பிக் கற்கச் செய்யலாம்.

கான்கிரீட்டில் செய்யப்படும் பெரும் பிழை நீரை மிகுதியாக ஊற்றுவதாகும். வேலை எளிதாக ஓடும் என்பதற்காகக் கலவையைக் கஞ்சிபோல் ஆக்கினால் வலிமை போய்விடும். மணலின் ஈரத்தையும் சேர்த்து, 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் அளவில் நீர் போதும். இட்ட பின்போ, நீருக்குக் கஞ்சத்தனம் கூடாது. பத்து நாளாவது தொடர்ந்து நனைத்து வர வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளை, கடலூர் முதுநகர் போன்ற கடலோர ஊர்களில் உவர் நீரும் கடல் மணலும் அறவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பியின் மேல் இருக்கும் கான்கிரீட் மூடாக்கை அங்கே கூடுதலாக வைக்க வேண்டும்.

புயல் கூரையை மேலிருந்து அழுத்திக் கெடுப்பதில்லை. பெரும்பாலும் கீழிருந்து தூக்கியே கெடுக்கிறது. காற்று கூரையின் மேல் விரைந்து செல்லும்போது கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. நீண்ட தாழ்வாரத்தின் அடியில் புகும் காற்றும் அதனோடு சேர்ந்து தூக்குகிறது. ஆகவே ஓட்டுக் கூரையிலும் தகட்டுக் கூரையிலும் தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். திண்ணைச் சார்ப்பை வீட்டுக் கூரையோடு இணைக்காமல் தனியே அமைத்தால், சார்ப்பு போனாலும் வீடு நிற்கும். கூரைச் சட்டங்களைச் சுவரில் பதித்த இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். சில நூறு ரூபாய் பெறும் அப்பட்டை, பல ஆயிரம் ரூபாய்க் கூரையைக் காக்கும்.

பழைய வீடு உள்ளோர்க்கு

சிதம்பரத்திலும் கடலூரின் பழைய தெருக்களிலும் திண்ணை, முற்றம், சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெத்தை என அமைந்த வீடுகள் இன்னும் பல உள்ளன. மகன் கையில் சிறிது பணம் சேர்ந்ததும் 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்' என்கிறார், தந்தை தயங்குகிறார். இருவருக்கும் நாம் கூறுவது இது: கடைகாலும் சுவரும் உறுதியாயிருப்பின் இடிக்க வேண்டாம்.

உறுதியை அறிவது எப்படி? சுவர் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் இருபுறமும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் கண்ணாடி உடையாவிடில், அது பழைய வெடிப்பு, அடைத்தால் போதும். உடைந்தால் கடைகால் அசைகிறது. பொறியாளரிடம் காட்டாமல் மேலே ஒரு ரூபாயும் செலவிடலாகாது.

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் குறைந்து வருகின்றனர் என்பது உண்மையே. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஊருக்கே நன்மை. மெத்தையின் கட்டை ஒன்றிரண்டு செல்லரித்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். பலா, தேக்குக் கதவு நிலைகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, இரண்டாண்டில் உப்பிப்போகும் பலகைக் கதவை அதிக விலைக்கு வாங்கிய அங்கத்தினரையும் நாம் அறிவோம்.

பணக் கணக்கு

நிலத்தின் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் செங்கல் இறக்கலாகாது. கட்டட அனுமதிக்கு அஞ்சித் தரகரை நாடவும் வேண்டாம். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டிற்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது.

அரசு உதவித் தொகை பொதுவாக வேலை முன்னேற முன்னேறத் தவணையாகவே வரும். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் நம் அங்கத்தினர்கள் தனியார் வட்டிக்காரரிடம் சிக்குகின்றனர். கணக்கைப் பாருங்கள். 2,00,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் பத்து ஆண்டுத் தவணைக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 2,534 ரூபாய் கட்டினால் பத்தாண்டில் அசலும் வட்டியும் தீரும். அதே தொகையை 'மூன்று வட்டி'க்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டுமே ஆகும்; அசலில் ஒரு ரூபாயும் குறையாது. மூன்றாண்டு முடிவதற்குள் வட்டியே அசலைத் தாண்டிவிடும். அசலோ அப்படியே நிற்கும்.

ஆகவே வீட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஆசையன்று. கையிருப்பும், கிடைக்கும் உதவியும், நாம் கட்டக்கூடிய மாதத் தவணையுமே ஆகும். அவற்றைக் கூட்டி, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கி, மிஞ்சிய தொகையில் முடியும் அளவே கட்ட வேண்டும். 2024இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி என வகுக்கப்பட்டது. அது சிறிது என்று எண்ணிக் கடன் வாங்கி இருமடங்காக்கத் துணிவோர், தறி ஓர் ஆண்டில் தரும் கூலியை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

பாதி வீடும் வீடே

சிறுகக் கட்டுவது என்றால் என்றும் சிறுமையில் இருப்பது என்று பொருளன்று. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் இகீக்கே நகரில், ஏறத்தாழ நூறு ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு அலெஹாந்திரோ அரவேனா என்னும் கட்டடக் கலைஞரின் குழுவிடம் வந்தது. பணமோ குறைவு. அக்குழு முழு வீட்டை மட்டமாகக் கட்டாமல், பாதி வீட்டை நன்றாகக் கட்டிற்று. அடித்தளம், தாங்கும் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை ஆகிய கடினமான பகுதிகளை 2004 அளவில் முடித்துக் கொடுத்து, மறுபாதிக்கு இடம் விட்டது. குடும்பங்கள் வருவாய்க்கு ஏற்ப அதனைத் தாமே நிரப்பிக்கொண்டன. 2016இல் அரவேனா கட்டடக் கலையின் உயர்ந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார். நம் பாட்டன்மார் சொன்ன பழமொழியும் அதுவே அல்லவா? நாமும் பின்னால் சேர்க்கப்போகும் அறைக்கு இப்போதே வாசல் நிலை வைத்து, அதனைச் செங்கல்லால் அடைத்து வைக்கலாம். பின்னர் சுவரை உடைக்கும் தொல்லை இராது.

தனியே தாங்க இயலாத சுமையைக் கூடித் தாங்குவதற்கே நம் சங்கங்கள் உள்ளன. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தனி நெசவாளரால் இயலாத விற்பனையைக் கூட்டாக இயலச் செய்தது. வீட்டு வேலையிலும் அவ்வாறே. ஒரு தெருவில் பத்து அங்கத்தினர்கள் ஒரே பருவத்தில் கட்டினால் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் ஒன்றாக வாங்கலாம். துணைவிதி இடம் தருமாயின், சங்கமே கலவை இயந்திரமும் சென்ட்ரிங் தகடுகளும் வாங்கி அங்கத்தினர்க்குக் குறைந்த வாடகைக்கு விடலாம். கூரை போடும் நாளில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வந்து மேற்பார்த்தால், நீர் மிகுந்த கலவையும் எண்ணிக்கை குறைந்த கம்பியும் கண்ணுக்குத் தப்பா.

முடிவாக

தை மாதத்தில் கடைகால் எடுத்தால் ஆடிக்குள் கூரை முடியும். ஐப்பசி மழை பெய்யும்போது வீட்டினுள் இருக்கலாம். எனவே அதற்கு முந்திய மாதங்களே திட்டமிடும் காலம். நிர்வாகக் குழுவினர் இவ்வாண்டு கட்ட எண்ணும் அங்கத்தினரை ஒரு நாள் மாலை ஒன்றுகூட்டி, ஒவ்வொருவரின் படத்தையும் கணக்கையும் எல்லோரும் பார்க்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முன் கூறிய இரண்டாவது வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். கார்த்திகை அடைமழை. வெளியே தெருவில் முழங்கால் அளவு நீர். உள்ளே குழி காய்ந்திருந்தது, தறி ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இப்பருவத்தில் வாரக்கணக்கில் வேலை நின்றுவிடும் என்றும், வீட்டுத் தவணையை இந்த மழைக்காலக் கூலியே கட்டிவிடுகிறது என்றும் அவர் கூறினார். அவருடைய அனுமதியுடன், அடுத்த வீட்டுக்காரராகிய முதலாமவரையும் அங்கேயே அழைத்து அமர்த்தினோம். நின்றுபோன தூண்களில் இரண்டு அறைக்கு மட்டும் கூரை போட எவ்வளவு ஆகும் என்று மூவருமாகக் கணக்கெழுதினோம். துருவேறிய கம்பிகளைப் பொறியாளர் பார்த்த பின்னரே வேலை தொடங்குவது என்றும் முடிவாயிற்று. அவர் நினைத்திருந்ததை விடத் தொகை குறைவாகவே வந்தது. வரும் தையில் அவர் வேலையைத் தொடங்குகிறார். முதல் கூரை தறியறைக்கு.

இவரைப் போல் பாதியில் நின்றோர் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பர். அவர்கள் வெட்கத்தினால் வாய் திறவார். சங்கமே அவர்கள் வாசலுக்குச் சென்று கேட்க வேண்டும்.